உப்பளத்தில் திரும்பியவள்

ஒரு காலத்தில் வெயில் பிறந்துவிட்டால் போதும், தாக் கி-ஹோவுக்கு வைக்கோல் தொப்பி வாங்கும் பித்துப் பிடித்துக்கொள்ளும். தலையில் வைத்துக்கொள்வதற்காக அல்ல. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாகத் தொப்பியைச் சுற்றி ஒட்டியிருக்கும் கறுப்புப் பட்டையைப் பிய்த்தெடுப்பார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பட்டை என்பது வேறொன்றுமில்லை, பழைய சினிமா பிலிம். சியோலில் ஓடி, மாகாணங்களில் ஓடி, கடைசியில் மலையோரத்துக் கூடாரக் கொட்டகைகளில் கோடும் கீறலுமாக ஓடி ஓய்ந்த பிரதிகளை அப்போதெல்லாம் தொப்பி செய்கிறவர்களுக்கு எடைக்குப் போட்டுவிடுவார்கள். நாட்டையே அழவைத்த கதாநாயகிகள் சந்தையில் முலாம்பழம் விற்பவனின் தலையைச் சுற்றிக் கிடந்தார்கள்.

அவர் தேடியது ஒரே ஒரு படத்தை. அவருடைய முதல் படம், 'உப்பளத்தில் பனி'. தயாரிப்புக் கம்பெனி திவாலானபோது நெகடிவ் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. பிரதிகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அதற்குப் பின் அவர் நாற்பதுக்கும் மேல் படம் எடுத்தார். வெளிநாட்டுப் படங்களை இறக்குமதி செய்ய வேண்டுமென்றால் உள்நாட்டில் இத்தனை படம் எடுத்துக்காட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. அதற்காக முதலாளிகள் அவசர அவசரமாக எடுக்கச் சொன்ன உப்புச்சப்பில்லாத சமாச்சாரங்கள்தான் அதில் முக்கால்வாசி. அவை தொப்பியானதில் கி-ஹோவுக்கு வருத்தமே இல்லை. வெயிலையாவது மறைத்தனவே என்பார்.

"வீட்டுல இருக்கறது ரெண்டு தலை. தொப்பிய வெக்கத்தான் எடமில்ல," என்பாள் அவர் மனைவி சுன்-ரே. பட்டையைப் பறிகொடுத்த தொப்பிகளுக்கு அவளே ரிப்பன் வைத்துத் தைத்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிடுவாள். ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

பிறகு தொப்பிக்குப் பிளாஸ்டிக் பட்டை வந்தது. சினிமாவிலும் படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்யும் காலம் வந்தது. கேமரா ஓடும்போது வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத பழைய டைரக்டர்களில் கி-ஹோவும் ஒருவர். "அழு, இன்னும் அழு, ஆங் அப்படித்தான்" என்று கத்திக் கத்தியே பழகியவர். நல்ல டேக்குகளை எல்லாம் தன் குரலாலேயே கெடுத்தார். கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். கொஞ்ச நாள் கல்யாண வீடியோ எடுத்தார். அங்கேயும் மணப்பெண்ணை அழச் சொல்லிக் கத்தியதாகக் கேள்வி.

அவருக்கு எண்பது தாண்டிய பிறகு, ஒரு மாசி மாதக் காலையில் திரைப்படக் காப்பகத்திலிருந்து போன் வந்தது. பேசியது ஹா-ஜின். பழைய டைரக்டர்களின் பேட்டிகளைப் பதிவு செய்யும் வேலையில் இருக்கும் பெண். அவரிடமும் பலமுறை வந்து போயிருக்கிறாள்.

"டைரக்டர் ஐயா, உக்காந்திருக்கீங்களா, நின்னுட்டிருக்கீங்களா?"

"ஏம்மா, யாராவது போய்ட்டாங்களா? என் வயசுக்காரனுக்குப் போன் வந்தாலே அதுதான்."

"போகலங்க. வந்திருக்கு. உங்க 'உப்பளத்தில் பனி' கெடச்சிருச்சு."

கி-ஹோ உட்கார்ந்தார். காங்வொன் மலைப்பக்கத்தில் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிய ஒருவர் செத்துப்போய், பிள்ளைகள் கொட்டகையைச் சுத்தம் செய்தபோது மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் தகர டப்பாக்கள் இருந்தனவாம். ஒரு ரீல்கூடக் குறையவில்லையாம். கீறல்களை எல்லாம் துடைத்துச் சரிசெய்தாகிவிட்டது, வசந்தத்தில் திரையிடப் போகிறோம் என்றாள்.

"இன்னொரு சந்தோஷ சமாச்சாரம். கடைசி ஷாட் உங்களது இல்ல, தணிக்கைக்காரங்க வம்பா சேக்க வெச்சதுன்னு பேட்டிக்குப் பேட்டி சொல்வீங்கல்ல. கதாநாயகி திரும்பி வர்ற அந்த ஷாட்டத் தூக்கிட்டு, நீங்க நெனச்ச மாதிரியே முடிச்சிரலாம். டைரக்டரோட சொந்த முடிவுன்னு போட்டுக்கலாம். என்ன சொல்றீங்க?"

"கேக்கணுமாம்மா?" என்றார் கி-ஹோ. "அதுக்குத்தான உசிர வெச்சிருக்கேன்."

சுன்-ரே தரையில் செய்தித்தாளை விரித்துச் சோயா முளைகளின் வாலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே போய் உட்கார்ந்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"கெடச்சிருச்சா," என்றாள். ஒரு கணம் அவள் முகம் மலர்ந்தது உண்மை. "முழுசாவா?"

"முழுசா. ஆனா அந்தக் கடைசித் துண்ட வெட்டிரப் போறோம். இத்தன வருஷம் கழிச்சு என் படம் என் படமாகப் போகுது சுன்-ரே."

அவள் கை வேகமாக ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கி-ஹோ கவனித்தார்.

"என்ன இது, வால விட்டுட்டுத் தலையக் கிள்ளிப் போடுற?"

"கிள்ளுறதுல தலை என்ன, வாலு என்ன," என்றாள். "படம் காட்டுற அன்னிக்கு நான் வரல டைரக்டரே. பக்கத்து வீட்டு அம்மாவோட பொதுக் குளியல் கூடத்துக்குப் போறதாப் பேச்சு."

"எந்த நாள்னே இன்னும் சொல்லலியே?"

"எந்த நாளா இருந்தாலும்."

கோபம் வந்தால் மட்டும் அவள் அவரை டைரக்டரே என்பாள். என்ன கோபம் என்று அவருக்கு விளங்கவில்லை. மலச்சிக்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மேதைகள் மனைவிகளைப் பற்றி அப்படித்தான் நினைப்பார்கள்.

அந்தப் படம் எடுத்தபோது கி-ஹோவுக்கு முப்பது வயது ஆகவில்லை. சுங்முரோ தெருவின் காபிக் கடைகளில்தான் அப்போது சினிமா குடியிருந்தது. காலைக் காபியில் முட்டையின் மஞ்சள் கருவை மிதக்கவிட்டுக் கொடுப்பார்கள். அந்த ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு வேலை தேடி வந்த நடிகர்கள் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார்கள். வாசலில் வண்டி நின்று யாராவது எட்டிப்பார்த்து "போலீஸ்காரன் வேஷத்துக்கு ஆள் வேணும்" என்றால் கடையே எழுந்து நிற்கும். யாரிடமும் ஒன்றும் இல்லை, ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கி-ஹோ இப்போதும் கண்ணை மூடினால் அந்தக் கடையின் மண்ணெண்ணெய் அடுப்பு வாசனை வரும்.

கதாநாயகி யு செரா பெரிய நட்சத்திரம். ஒரே சமயத்தில் நாலைந்து படங்களில் நடித்தாள். அவள் கார் எஞ்சினை அணைக்காமலே நிற்கும். எந்தப் படத்துக்கு வந்திருக்கிறோம் என்பதே அவளுக்குச் சில நாள் தெரியாது. குரலைப் பின்னால் வேறொருவர் டப்பிங்கில் கொடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று ஒருவர் வசனத்தைக் கத்துவார், அவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடுவாள். அப்படிக் கத்தியவள்தான் சுன்-ரே. கன்டினியூட்டி பார்க்க வந்த பெண். எந்தக் காட்சியில் எந்தப் பக்கம் கொண்டை இருந்தது என்று பார்ப்பது அவள் வேலை. வசனம் கத்துவது அவள் தலையில் வந்து விழுந்த வேலை. "போகாதீர்கள், குழந்தை இன்னும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை" என்று கதாநாயகியின் கதறலை அவள் காய்கறி விற்கிற தொனியில் கத்துவாள். லைட் பிடிக்கிறவர்கள் சிரிப்பை அடக்கத் திண்டாடுவார்கள்.

படம் முடிந்தது. கடலுக்குப் போன கணவன் வரமாட்டான் என்று தெரிந்தபின், பனி மூடிய உப்பளத்தில் கதாநாயகி கடலை நோக்கி நடந்துகொண்டே போகிறாள். அவ்வளவுதான் முடிவு. கி-ஹோ அதை நினைத்து நினைத்து உருகியிருந்தார். தணிக்கையிலிருந்து படம் திரும்பி வந்தது. முன்னேறும் நாட்டுக்கு இத்தனை இருள் ஆகாது, அவள் திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் படம் வெளியே வராது என்றார்கள். சந்திரப் புத்தாண்டுக்குத் தியேட்டர் பிடித்தாகிவிட்டது. வாசலில் யு செராவின் முகத்தை மாடி உயரத்துக்கு வரைந்து வைத்தாகிவிட்டது. யு செராவோ ஜேஜு தீவில் வேறு படத்தில் இருந்தாள்.

விடியற்காலையில் ஒரு லாரியில் கிளம்பினார்கள். கேமராமேன் நோ, உதவிக்கு இரண்டு பேர், கி-ஹோ, சுன்-ரே. வாடகை உடைக் கடையிலிருந்து யு செராவின் வெள்ளை ஹன்போக் உடையையும் ரப்பர் செருப்பையும் வாங்கி சுன்-ரேக்கு மாட்டிவிட்டார்கள். தூரத்தில் நடந்து போ, திரும்பு, வா. தூரத்திலிருந்து பார்த்தால் யாரென்று தெரியாது. நோ சொன்னது அவ்வளவுதான். கி-ஹோ லாரியின் சக்கரத்தருகே எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சிகரெட் பிடித்தார்.

"டைரக்டரே, ஒரு தடவ வந்து கேமராவுல பாருங்க," என்று நோ கூப்பிட்டான்.

"கொல பண்றத நான் எதுக்குப் பாக்கணும்? நீயே எடு."

நோ எடுத்தான். எடிட்டர் ஒட்டினார். முதல் காட்சியன்று அந்த ஷாட் வருவதற்கு முன்பே கி-ஹோ எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். உள்ளே ஜனம் விம்மி அழும் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. படம் ஓடியது. அவர் பெயர் ஊரெல்லாம் தெரிந்தது. அந்தத் திரும்பலை எழுதாத பத்திரிகை இல்லை. பாராட்டப் பாராட்ட அவருக்கு எரிச்சல் ஏறியது. அது என்னுடையதல்ல, என் படத்தில் விழுந்த கறை என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னார். அடுத்த வருஷம் சுன்-ரேயைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் சொன்னார். அங்கே திரும்பியது அவள்தான் என்று தெரியாதவரல்ல அவர். தெரியும், நினைத்துப் பார்த்ததில்லை. அவரைப் பொறுத்தவரை அந்த உப்பளத்தில் திரும்பியது தணிக்கைதான்.

காப்பகத்துச் சின்ன அரங்கில் அவரும் ஹா-ஜினும் மட்டும் இருந்தார்கள். விளக்கு அணைந்து முதல் காட்சி வந்ததுமே கி-ஹோ முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். உப்புநீரை மிதித்து ஏற்றும் மரச் சக்கரம் திரையில் சுழன்றது. இப்போது அங்கே அடுக்குமாடிகள். போலீஸ்காரனாக வந்தவர் நிஜத்தில் நூடுல்ஸ் கடைக்காரர். நடிகன் குடித்துவிட்டு விழுந்து கிடந்ததால் அவரை இழுத்து வந்து தொப்பி மாட்டினார்கள். தோணிக்காரக் கிழவர், எதிர்வீட்டுக்காரி, சண்டைக்காரன், எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யு செராவும்தான். நோ போய்ப் பத்து வருஷம் இருக்கும்.

"எவ்வளவு சின்னப் பசங்க நாங்க," என்றார் கி-ஹோ. ஹா-ஜின் காகிதக் கைக்குட்டையை நீட்டினாள்.

கடைசி ரீல் வந்தது. யு செரா உப்பளத்தில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தாள். போய்க்கொண்டே இருந்தாள். இதுதான் அவருடைய முடிவு. அவர் நினைத்ததைவிட அது நன்றாகவே இருந்தது.

ஹா-ஜின் கையைத் தூக்கிப் படத்தை நிறுத்தச் சொன்னாள். "இந்த எடத்தோட முடிச்சிரலாம்ல ஐயா?"

"ஓட்டச் சொல்லும்மா. வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடறேன். நான் பாத்ததே கெடையாது."

அந்தப் பெண் நம்பாமல் அவரைப் பார்த்தாள். பிறகு ஓட்டச் சொன்னாள்.

தூரத்தில் வெள்ளை உடை. யு செராவின் நடை இல்லை அது. இடது தோள் கொஞ்சம் இறங்கிய நடை. அந்த நடையை அவர் வீட்டுச் சமையலறையில் ஐம்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உருவம் நின்றது. திரும்பியது. ஓரடி வைத்ததும் தடுமாறியது. பனிக்கு அடியில் சேறு. ஒரு செருப்பு அதில் மாட்டிக்கொண்டது. குனிந்து எடுக்காமல், வெறும் காலைப் பனியில் ஊன்றி அது நடந்து வந்தது. நோ நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய தூரத்தைத் தாண்டியும் கேமராவை ஓடவிட்டிருந்தான். சோயா மணி அளவுக்கு முகம் தெரிந்தது. அவர்கள் துடைத்துச் சரிசெய்திருந்த படத்தில் அந்த மணியளவு முகத்திலும் கண் தெரிந்தது.

அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்கு வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி, எதையோ பார்த்துக்கொண்டே வந்தாள். அங்கே என்ன இருந்தது என்று கி-ஹோ யோசித்தார். யோசிக்கவே தேவையில்லை. அங்கேதான் லாரி நின்றது.

தணிக்கை, யு செரா, நாடு எல்லாம் அவர் மனதிலிருந்து கழன்று விழுந்தன. இருபத்துச் சொச்சம் வயதுப் பெண் ஒருத்தி குளிரில் ஒற்றைச் செருப்போடு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு முட்டாளை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தாள். அவன் ஒரு தடவை திரும்பினால் போதும் என்பது போல் இருந்தது அவள் முகம். இதைப் பார்த்துத்தான் கொரியா முழுவதும் அழுதிருக்கிறது. அழாதவர் ஒருவர்தான்.

"இன்னொரு தடவ," என்றார். பிறகு, "இன்னொரு தடவம்மா."

நாலாவது முறை ஓடி முடிந்ததும் ஹா-ஜின் மெதுவாகக் கேட்டாள். "வெட்டறதுக்குக் குறிச்சுக்கட்டுமா ஐயா?"

"தொட்டா கைய ஒடிச்சிருவேன்," என்றார் கி-ஹோ. சொல்லிவிட்டு அழுதார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது சுன்-ரே அடியில் சூடேற்றிய தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் காலருகே போய் உட்கார்ந்து காலுறையை இழுத்தார். சுண்டுவிரல் எப்போதும் போல் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. குளிர்காலம் வந்தால் நமைச்சல் எடுக்கும். சின்ன வயதில், போருக்குத் தப்பி ஓடியபோது பட்ட பனிக்கடி என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது, கெழவன் புதுசா கால் பிடிக்கறான்," என்றாள்.

"இந்த வெரலு எப்பப் போச்சு?"

"இப்பதான் கேக்கத் தோணுச்சா?"

"உப்பளத்துலயா?"

அவள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். "அவ செருப்பு எனக்குப் பத்தவே இல்ல. நோ அண்ணன் சரியில்ல சரியில்லன்னு திரும்பத் திரும்ப நடக்கவிட்டாரு. கடசித் தடவ செருப்பு கழண்டுருச்சு. எடுக்கக் குனிஞ்சா மறுபடி மொதல்லேருந்து நடக்கணுமேன்னு அப்படியே வந்துட்டேன்."

"என்னப் பாத்துக்கிட்டே வந்த."

"வேற யாரப் பாக்கறது? ஒரு தடவயாச்சும் திரும்பறாரான்னு பாத்தேன். சிகரெட்டுப் பொகதான் தெரிஞ்சுது."

"ஏன் சுன்-ரே, இத்தன வருஷத்துல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்பச் சொல்றது? பத்திரிகைக்காரங்க வந்தாங்க. அந்தக் கடசி ஷாட்டு ஒரு கறைன்னு சொல்லிட்டு இருந்தீங்க. கறைதான் காபித் தட்ட ஏந்திக்கிட்டுப் பக்கத்துல நின்னுச்சு. சர்க்கரை எத்தன கரண்டின்னு கேட்டுப் போட்டுச்சு."

கி-ஹோ அந்த விரலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"வெட்டியாச்சா?" என்று அவள் கேட்டாள், திரையைப் பார்த்தபடி.

"இல்ல. வெட்டல. வெட்ட மாட்டாங்க."

"ம்," என்றாள். மற்றக் காலையும் அவர் பக்கம் தள்ளி, "அந்தக் காலயும் தேச்சு விடுங்க. ஒண்ணுக்கு மட்டும் மரியாத பண்ணா இன்னொண்ணு கோவிச்சுக்கும்."

வசந்தத்தில் படம் திரையிட்ட அன்று அரங்கம் நிறைந்துவிட்டது. சுன்-ரே குளியல் கூடத்துக்குப் போகவில்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது என்று சொல்லி ரிப்பன் தைத்த பழைய வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தாள். உள்ளே வந்தும் கழற்றவில்லை. பின்வரிசைக்காரர் ஒருவர் திரை மறைக்கிறதென்று சொன்ன பிறகுதான் மடியில் வைத்துக்கொண்டாள். கடைசி ரீலில், அன்று எழுந்து போன இடத்தில், கி-ஹோ எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை முதல்முறையாகக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார்.

படம் முடிந்து அவரை மேடைக்கு அழைத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு மாணவன் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"டைரக்டர் ஐயா, கடைசி ஷாட் உங்களோடது இல்லன்னு எல்லாப் பேட்டியிலயும் சொல்லியிருக்கீங்க. அப்புறம் ஏன் அதயும் வெச்சுக் காட்டறீங்க?"

"இப்பவும் அதத்தான் சொல்றேன் தம்பி. அது என்னோடது இல்ல," என்றார் கி-ஹோ. "எனக்கு மூளையும் இல்ல, கண்ணும் இல்ல. நான் அன்னிக்கு அந்தப் பக்கம் பாக்கவே இல்ல. அந்த ஷாட்டு, அதோ மூணாவது வரிசையில மடியில தொப்பி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காளே, அவளோடது. நடந்து வந்தது யு செரா இல்ல. அவதான்."

அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. சுன்-ரே தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். கைதட்டல் நிற்காததால், அதைக் கொஞ்சமாகக் கீழே இறக்கி மேடைப் பக்கம் பார்த்தாள், அவர் பார்க்கிறாரா என்று. இந்த முறை பார்த்துக்கொண்டிருந்தார்.